நல்ல கை வந்தால் தட்டுகிற விரல்

மேசைமேல் ஒரு பால்பவுடர் டப்பா இருக்கிறது. மூடியைத் திறந்ததும் உன் கடை வாசனை வந்தது. ஈயம் பற்றவைக்கிற புகையும், வெள்ளிக்கிழமைகளில் நீ பூசிக்கொள்ளும் அத்தரும் கலந்த வாசனை. உள்ளே பீங்கான் வில்லைகள், பழைய எட்டணா அளவில், பாதி வெள்ளை, பாதி நீலம். எல்லாம் நான் செய்து கொடுத்தவை. நேற்று சாயங்காலம் உன் மனைவி இதை ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "அவரு இத்த யாரையும் தொட வுடமாட்டாருண்ணே. உங்க ஞாபகமாத்தான் வச்சிருந்தாரு. நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? நீ எனக்குச் செய்தது எனக்குத் தெரிந்து அப்போது அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. நாலு மாதமும் உனக்காக அழுதவன் நான். நேற்றிலிருந்து அழுகை நின்றுவிட்டது, கோபம்தான் வருகிறது. உயிரோடு இருக்கிறவன் என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். உன்னிடம் எப்படிக் கேட்பது? அதனால் எழுதுகிறேன். உன் பெயரை எழுதப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். நீ என்று எழுதினால் உனக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்பு வரை நாம் ஒரே பெஞ்சு. பிறகு நீ ஷார்ஜா போனாய், நான் பீங்கான் தொழிற்பேட்டைக்குள் போனேன். பதினோரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தவன், பேட்டை வாசலுக்கு எதிரிலேயே செல்போன் ரிப்பேர் கடை போட்டாய். "விருத்தாசலத்துல வேற எடமே கெடைக்கலியாடா?" என்று கேட்டதற்கு, "நீ இங்கதான இருக்க" என்றாய். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? இப்போது அதையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் வேலை உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. சூளையிலிருந்து இறங்குகிற பியூஸ் கட்டைகளைத் தரம் பிரிப்பவன் நான். கண்ணுக்குத் தெரிகிற விரிசலை யார் வேண்டுமானாலும் ஒதுக்கலாம். தெரியாத விரிசலுக்குக் காது வேண்டும். ஒரு கட்டையால் இன்னொன்றைத் தட்டினால், நல்லது 'டிங்' என்று மணி மாதிரி பேசும். உள்ளே கீறல் இருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். டொக் என்பதற்கு ஒரு தட்டே போதும், அது கழிவுக் கூடைக்குப் போகும். டிங் என்றால் இன்னொரு தரம் தட்டுவேன். அவசியமே இல்லை, நேரம் வீணாகிறது என்று சூப்பர்வைசர் கத்துவார். ஆனாலும் நல்ல சரக்கு கைக்கு வந்தால் அந்த இரண்டாவது தட்டு தானாக விழுந்துவிடும், மனசு குளிர. வீட்டிலும் அப்படித்தான். புது டம்ளரைத் தட்டுவேன், பரணியைத் தட்டுவேன். நல்ல செய்தி வந்தால் உட்கார்ந்திருக்கிற நாற்காலியையே இரண்டு தரம் தட்டுவதாக என் மனைவி சொல்வாள்.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி உன் கடைக்கு வருவேன். கண்ணாடி ஷோகேசுக்கு வெளியே ஸ்டூலில் நான், உள்ளே உன் நாற்காலியில் நீ. உனக்கு முன்னால் யாருடைய போனாவது வயிறு திறந்து கிடக்கும். "குந்துடா, ரெண்டு கை ஆடலாம்" என்று ஒருநாள் ஆரம்பித்தாய். ஷார்ஜாவில் பத்துப் பேர் படுத்த அறையில் நீ கற்றுக்கொண்டு வந்த போக்கர்.

எனக்குத் தெரிந்த சீட்டாட்டம் ரம்மி ஒன்றுதான். இது வேறு. ஆளுக்கு இரண்டே சீட்டு, கவிழ்த்து. பிறகு நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும். சேர்த்துப் பார்த்து யாருடையது பெரியதோ அவருக்குப் பந்தயம் முழுவதும். நடுவில் யாராவது பணத்தை ஏற்றினால், அதைக் கட்டித் தொடரலாம், அல்லது சீட்டை மடக்கி விலகலாம். "இதுல ஜெயிக்கிறது கடைசி சீட்டுல இல்லடா, மொத ரெண்டு சீட்டுலதான் இருக்குது" என்பாய். இரண்டு ஆஸ், இரண்டு ராஜா, இரண்டு ராணி, இல்லையென்றால் ஆஸோடு ராஜா. இவைதான் பெரிய கை. இவை வரும்வரை மடக்கிக்கொண்டே இரு, வந்துவிட்டால் பதுங்காதே என்பது உன் பாடம். பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து ஆடிய ஆரம்பத்தில் நான் இரண்டு ஆஸ் வந்தால் புத்திசாலி மாதிரி சும்மா இருந்து எல்லாரையும் உள்ளே இழுப்பேன். கடைசியில் எவனோ ஒருவன் ஒன்றுக்கும் ஆகாத இரண்டு சீட்டோடு வந்து வாரிக்கொண்டு போவான். "நாலு பேர உள்ள வுட்டீன்னா ஆஸும் அழுவும்டா. வந்த உடனே ஏத்து. ஒருத்தன் மட்டும் கூட வந்தா போதும்" என்று தலையில் அடித்துக்கொள்வாய்.

கற்றுக்கொள்ளத்தான் இந்த வில்லைகள். அச்சில் வெட்டி மிஞ்சுகிற களிமண்ணைத் தட்டையாக்கி, மருந்து பாட்டில் மூடியால் வெட்டி, பியூஸ் கட்டைகளுக்கு இடையில் இருந்த சந்தில் செருகிச் சூளையில் வேகவைத்தேன். நூற்றுக்கும் மேல் செய்தேன். டொக் என்றதையெல்லாம் அன்றே தூக்கிப் போட்டேன். உனக்குக் கொடுத்த ஒவ்வொன்றும் இரண்டு தட்டு வாங்கிய நல்ல சரக்கு. உன்னை மட்டும்தான் தட்டிப் பார்க்காமல் விட்டேன்.

பிறகு போனில் ஆட ஆரம்பித்தோம். நிஜப் பணம். ஒரு மேசையில் போய்ப் பணம் கட்டி உட்காரலாம், வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே எழுந்துவிடலாம். "உன்ன மாதிரி ஆளுக்கு ஆன்லைன்தான்டா லாயக்கு" என்றாய். "உன் மூஞ்சி ஒரு மைலு தூரத்துக்குத் தெரியும். கை நல்லாருந்தா பணத்தால சொல்லணும், மூஞ்சியால சொல்லக் கூடாது. போன்ல மூஞ்சியே கெடையாது பாரு." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இன்னொன்றும் சொன்னாய். நான் கேட்காமல் நீயாகச் சொன்னது. "நீயும் நானும் ஒரே மேசையில மட்டும் குந்தக் கூடாது. சிநேகிதனுங்க ஒருத்தன் காச ஒருத்தன் எடுத்தா சிநேகிதம் நாறிடும். நான் வேற மேசை, நீ வேற மேசை." அதற்குக் கையடித்துக்கொண்டோம். உன் கையில் பற்றவைப்புப் பசை பிசுபிசுவென்று இருந்தது. போய்க் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டேன்.

அப்போதெல்லாம் நீ என்னை 'டிங்கு' என்று கூப்பிடுவாய். ஒரு நீல வில்லையை எப்போதும் இடது கையில் வைத்திருப்பேன். இரண்டு ஆஸ் வந்தால் அது தானாக ஷோகேஸ் கண்ணாடியில் டிங் டிங் என்று இரண்டு தரம் விழும். "டேய் டிங்கு, கண்ணாடிய ஒடச்சுடாதடா, ஓனரு வாடகைய ஏத்திடுவாரு" என்பாய். டீ கொண்டுவருகிறவர்வரை அந்தப் பெயர் பரவிவிட்டது. பிறகு திடீரென்று ஒருநாள் அந்தக் கிண்டலை நிறுத்திவிட்டாய். டிங்கு போய் பழையபடி 'மச்சான்' வந்தது. வயசாகிறது, பொறுப்பு வந்துவிட்டது, மரியாதை தருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள். நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு அந்த நாளைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'வெள்ளாறு' என்ற பெயர் என் மேசையில் வந்து உட்கார்ந்ததும் அந்த வாரம்தான்.

என் சூளை ஆசை உனக்கு நன்றாகத் தெரியும். கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது வந்த பணத்தில் என் பங்கை வங்கியில் போட்டு வைத்திருந்தேன். அதில் ஒரு சின்னச் சூளை. கேஸ் சூளை. பேட்டையில் ஒரு பழைய ஷெட்டுக்கு முன்பணம் கொடுத்துப் பேசிவைத்திருந்தேன். அடுத்தவன் சூளையிலிருந்து இறங்குகிற சரக்கைத் தட்டித் தட்டி என் காது தேய்ந்தது போதும், என் சரக்கை நான் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. வேகவைக்கும் கணக்கையெல்லாம் உன் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியிருக்கிறேன். "மொத சூட்டுல எனக்கு ஒரு டீ கப்பு செட்டு" என்று நீ கேட்டாய். நீலத்தில் வேண்டும் என்றாய்.

அந்தப் பணம்தான் கொஞ்சம் கொஞ்சமாக மேசைக்குப் போனது. நீ கையைப் பிடித்து இழுத்தாய் என்று சொல்லமாட்டேன். ஆடியவன் நான். ஷெட்டுக்கு முன்பணம் போக மிச்சத்தைச் சீக்கிரம் சேர்த்துவிடலாம் என்று பேராசைப்பட்டவன் நான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் தோற்றது சீட்டிடம் என்றுதான் ஒன்றரை வருஷம் நினைத்திருந்தேன்.

வெள்ளாறு எப்படி ஆடுவான் என்று உனக்கே சொல்லட்டுமா? எனக்கு இரண்டு ராஜா வரும். நீ சொல்லிக்கொடுத்தபடி ஏற்றுவேன். மேசையில் எல்லாரையும்விடப் பணம் அதிகம் வைத்திருப்பவன் அவன், அவன் மடக்கிவிடுவான். மற்றவர்கள் போடுகிற சில்லறை மட்டும் எனக்கு வரும். எனக்கு இரண்டு ஒன்பது வரும், இல்லை ஆஸோடு பத்து வரும். சுமாரான கை. கொஞ்சம் ஏற்றுவேன். உடனே அவன் மூன்று பங்கு ஏற்றுவான். பயந்து மடக்குவேன். பயப்படாமல் போனால் அதைவிட மோசம், நடுவில் ஒவ்வொரு சீட்டு திறக்கும்போதும் அடித்துக்கொண்டே வருவான். என் நெஞ்சுக்குள் உட்கார்ந்து சீட்டைப் பார்க்கிறானா என்று இருக்கும்.

"யாருடா இவன்?" என்று உன்னிடம்தான் கத்துவேன். "எங்கியோ கடலூர் ஜில்லாக்காரன் போல. ஆத்து பேரு வச்சிருக்கான்" என்பாய், குனிந்த தலையை நிமிர்த்தாமல். உன் அம்மா ஊர் பெண்ணாடம். லீவு விட்டால் வெள்ளாற்றில்தான் கிடப்பேன் என்று நூறு தரம் சொல்லியிருக்கிறாய். எனக்கு உறைக்கவே இல்லை. அதற்கு மேலும் ஒரு படி போய், "அவன் பெரிய கை இல்லாம ஏத்தறவன் இல்லடா. அவன் ஏத்துனா நீ மடக்கிடு, அதான் புத்தி" என்று எனக்கு யோசனை வேறு சொன்னாய். நான் கேட்டேன். நீ ஏற்றும்போதெல்லாம், உன் பேச்சைக் கேட்டு, உன்னிடமே மடக்கினேன்.

ஒருநாள் என் மனைவி கடைக்கே வந்துவிட்டாள், ஞாபகம் இருக்கிறதா? நான் அன்றைக்கு லோடு இறக்கப் போயிருந்தேன். "அண்ணே, நீங்கதான் அவருக்கு நல்லது கெட்டது சொல்ற ஆளு. ஷெட்டுக்காரரு கெடு வச்சுட்டாரு. இவரு போனும் கையுமா குந்தியிருக்காரு. நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்று அழுதிருக்கிறாள். நீ தண்ணீர் கொடுத்து, "நான் பாத்துக்கறேன்மா, நீ வூட்டுக்குப் போ" என்று அனுப்பியிருக்கிறாய். மறுநாள் நீ என்னிடம், "மச்சான், இத்த வுட்டுடுடா. ஒனக்கு ஒத்து வரல" என்றாய். ஒரே ஒரு தரம். குரல் இறங்கித்தான் இருந்தது. நான்தான் எகிறினேன். "கத்துக்குடுத்தது நீ, இப்ப வுடுன்னா எப்டிடா? வுட்டத எடுக்காம எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். அன்றைக்கு மதியமும் நான் ஆடினேன். வெள்ளாறும் ஆடினான். விடச் சொன்ன வாயோடு வந்து உட்கார்ந்தாயே, அதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது.

ஷெட்டு கைவிட்டுப் போனது. முன்பணமும் போனது. வேறு ஒருவர் அதில் பொம்மை போடுகிறார், பிள்ளையார் பொம்மையும் கிருஷ்ணன் பொம்மையும். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். பழமலைநாதர் கோயிலில் போய் நின்று, எனக்கு மட்டும் ஏன் ராசியே இல்லை என்று கேட்டிருக்கிறேன். என் மனைவியும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம்வரை போய்விட்டு வந்தாள். என் ராசி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கடைசி நாளைச் சொல்லாமல் முடியாது. சட்டம் வந்து, பணம் கட்டி ஆடுகிற மேசைகளை எல்லாம் மூடுகிறோம் என்று ஆப்பில் அறிவிப்பு வந்திருந்தது. அன்றைக்கு மதியம்தான் கடைசி. முந்தின நாள் நீ பாண்டிச்சேரி போய் வந்திருந்தாய். சாமான் வாங்கப் போனதாகச் சொன்னாய். கிட்னி பரிசோதனைக்குப் போனாய் என்பது பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். நான் மிச்சம் இருந்ததை எல்லாம் கட்டி உட்கார்ந்தேன். ஒன்றேமுக்காலுக்கு இரண்டு ஆஸ் வந்தது. டிங் டிங். ஏற்றினேன். வழக்கம்போல வெள்ளாறு மடக்குவான் என்று காத்திருந்தேன். அவன் மடக்கவில்லை. தன் முன்னால் இருந்தது மொத்தத்தையும் நடுவில் தள்ளினான்.

நான் கட்டினேன். சீட்டு திறந்தது. அவனிடம் இருந்தது ஏழும் இரண்டும். அந்த ஆட்டத்திலேயே அதைவிட மட்டமான கை கிடையாது. என் ஆஸ்கள் நின்றன. நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டுக் குதித்தேன். கண்ணாடியைச் சுற்றி உள்ளே ஓடிவந்து உன்னைக் கட்டிப்பிடித்தேன். நீ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் முதுகைத் தட்டினாய். "நான்தான் சொன்னேன்ல. நல்ல கை ஒருநாளைக்குப் பேசும்" என்றாய். அதற்கு நான் பேட்டை முழுவதற்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தேன். நீ ஒன்றை எடுத்துப் பாதி கடித்துவிட்டு வைத்துவிட்டாய். என் வாழ்க்கையில் நான் நேர்மையாக ஜெயித்த ஒரே ஆட்டம் என்று அதை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆஸ்பத்திரி, டயாலிசிஸ், ரயிலில் போய் வந்தது. இரண்டு முறை உன்னோடு நான்தான் வந்தேன். என் தோளில் சாய்ந்து தூங்கினாய். சொல்ல அப்போது எவ்வளவு நேரம் இருந்தது! ஜங்ஷன் பெஞ்சில் மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். வாயைத் திறந்தாய் ஒருதரம். "மச்சான்..." என்றாய். "என்னாடா?" என்றேன். "ஒன்னுமில்ல, டீ சொல்லு" என்றாய். நீ போன அன்று கபர்ஸ்தானில் நான் ஓரமாக நின்றேன். உன் மச்சினர் வந்து, "நீங்களும் மண்ணு போடுங்க, நீங்க போடாம யாரு போடுவா" என்று கூட்டிப்போனார். மூன்று பிடி போட்டேன். ஒவ்வொரு பிடியையும் கட்டியில்லாமல் நொறுக்கித்தான் போட்டேன்.

நேற்று உன் மனைவி போன் செய்து கூப்பிட்டாள். உன் போனுக்கு ஏதோ மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறதாம், உங்கள் பாக்கித் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. "எனக்கு ஒன்னும் புரியலண்ணே. கடை கணக்கா இருக்குமோ? கடை நல்லா ஓடுதுன்னுதான் அவரு சொல்லிக்கிட்டு இருந்தாரு. மாசம் தவறாம வூட்டுக்குக் காசு குடுத்துருவாரு." உன் கடை ஓடிய லட்சணம் எனக்குத் தெரியாதா? மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தால் ஒரு சார்ஜர் விற்கும். அப்போதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை பார். நீ வேறு மேசையில் நன்றாக ஆடியிருக்கிறாய், என்னைவிடக் கெட்டிக்காரன் என்றுதான் நினைத்தேன்.

ஆப்பைத் திறந்தேன். ஆட்டம் கிடையாது, பாக்கியை எடுத்துக்கொள்ள மட்டும் திறக்கிறது. மேலே பெயர் இருந்தது. வெள்ளாறு.

முதலில் யாரோ அதே பெயரில் இன்னொருத்தன் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எவ்வளவோ முயற்சி செய்தேன். கீழே குறிப்புகள் என்று ஒரு பகுதி இருந்தது. எதிராளி எப்படி ஆடுவான் என்று நமக்கு நாமே எழுதி வைத்துக்கொள்வது. நீ எத்தனையோ பேரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறாய். இவன் பயந்தவன், இவன் குடித்துவிட்டு ஆடுபவன் என்று. நடுவில் என் பெயர். ஆங்கில எழுத்தில் நம் பேச்சை எழுதுவாயே, அப்படி எழுதியிருந்தாய். ரெண்டு வாட்டி தட்டினா கை பெருசு, மடக்கு. தட்டலன்னா பயப்படாத, ஏத்து.

போனில் மூஞ்சி கிடையாது என்று சொன்னவன் நீ. என் காது எனக்குச் சோறு போடுகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உனக்கும் அதுதான் சோறு போட்டிருக்கிறது. பக்ரீத்துக்கு உன் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி கைமணம்" என்று பாராட்டினேனே, அது என் நிலத்துக் கறி.

உன் மனைவி எதிரில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "என்னாண்ணே, கடனா? யாருக்காவது குடுக்கணுமா?" என்றாள். பயந்துபோயிருந்தாள். அவளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவள் என்று யாருக்கும் விளங்கும். அந்தத் திரையில் இருந்த தொகை என் ஷெட்டின் முன்பணத்துக்குப் போதும். என்னுடையது. கம்மாபுரத்து மண். ஆமாம், எனக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் மறுபேச்சு இல்லாமல் கொடுத்திருப்பாள். எனக்கு அது தெரியும். நாக்கு நுனிவரை வந்தது.

"கடனெல்லாம் இல்லம்மா. அவன் ஆடி ஜெயிச்சது. உங்க காசுதான்" என்றேன். உங்கள் இருவர் பேரிலும் இருக்கிற வங்கிக் கணக்குக்கு அதை அனுப்பினேன். அனுப்பும் பொத்தானை அமுக்கியதும் இதே விரல்தான். அவள் அழுதாள். "அவரு கடைசியில ஒங்களப் பத்தியேதான் பேசிக்கிட்டு இருந்தாருண்ணே. அவன மாதிரி வெள்ள மனசு எவனுக்கும் கெடையாதும்பாரு" என்றாள். பிறகு உள்ளே போய் இந்த டப்பாவை எடுத்து வந்தாள்.

நல்லவன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவளிடம் சொல்லாமல் விட்டது உனக்காக இல்லை. அந்த வீட்டில் உன்னைப் பற்றி நினைக்க நல்லதாக ஏதாவது மிஞ்ச வேண்டும் என்று விட்டேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. பணத்தைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேனோ என்னவோ. அந்த ஏழும் இரண்டும் இருக்கிறதே, அதை மறக்கமாட்டேன். நீ எடுத்ததில் கால் பங்குகூட வராத ஒன்றை, நான் ஜெயித்ததாக நினைக்கும்படி என் மடியில் போட்டாய். கேட்டு வாங்கியிருந்தால் கொடுத்திருப்பேன்டா. சூளையை ஒரு வருஷம் தள்ளிப் போட்டுவிட்டு உன் வாடகையைக் கட்டியிருப்பேன். உனக்கு அது தெரியாதா? ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு அதுகூடவா தெரியாது? என்னைத் தோற்கடித்தாய், சரி. ஜெயிப்பதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா?

இன்று காலை வேலைக்குப் போனதும், இனிமேல் தட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கண்ணால் பார்த்தே பிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் மூன்று கீறல் கட்டைகள் நல்ல கூடைக்குள் போய்விட்டன. சூப்பர்வைசர் ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் தட்டிக் காட்டினார். டொக். டொக். டொக். "என்னாங்க, ஒடம்பு சரியில்லியா? வூட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தேன். இந்த வேலையை வேறு மாதிரிச் செய்ய எனக்குத் தெரியவில்லை.

இப்போது மணி ஒன்றரை. உன் கடை பூட்டியிருக்கிறது, ஸ்டூல் இல்லை, அதனால் தரம் பிரிக்கிற மேசையிலேயே டிபனைப் பிரித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தேன். ஒன்றாவது கெட்டுப் போயிருக்கும் என்று எதிர்பார்த்தேன், தூக்கிப் போட ஒரு சாக்காக. ஒன்றுகூட இல்லை. கடைசி நீல வில்லையும் டிங் என்றது. இரண்டாவது தட்டும் தானாக விழுந்தது. விழுந்ததும், பழக்கம், நீ என்ன சொல்லப் போகிறாய் என்று நிமிர்ந்து பார்த்தேன்.